பூஜ்யமாவது கோலம்

12.12.2024, வியாழன்

காலையிலிருந்து விடாத மழை. வெளியே போக வழியில்லை. அதனால் ஒரு பெட்டி செய்தேன்.

செய்தேன் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். சுட்டி மந்திரக்கோல் மாதிரி மாறியது, தரையில் ஒரு தட்டு தட்டினேன், அரை மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரத்தில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்துகொண்டது. மேலெல்லாம் ஒட்டுப்பலகை ரேகை. செகண்ட் லைஃப் என்கிற இந்த இணைய உலகத்தில் எந்தப் பொருளும் ஒட்டுப்பலகைச் சட்டை போட்டுக்கொண்டுதான் பிறக்குமாம்.

அண்ணன் மகளுக்குப் போனில் சொன்னேன். பதிமூன்று வயது. அவளுக்கு ராப்லாக்ஸ்தான் உலகம். "அத்தை, அது எங்கப்பா காலத்து கேமாச்சே!" என்றாள். உண்மைதான், 2003இல் திறந்த உலகம் அது. ராப்லாக்ஸுக்கு நான் போன அன்று எட்டு வயதுப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு என்னை மலையிலிருந்து தள்ளிவிட்டார்கள். இங்கே யாரும் தள்ளவில்லை. கேமும் இல்லை, ஜெயிக்கவோ தோற்கவோ ஒன்றும் கிடையாது. அவரவர் எதையாவது கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் கட்ட நினைப்பது ஒரு வாசல். முப்பத்திரண்டு வருஷம் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, கும்பகோணத்தில் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்தாயிற்று. வாசல் என்று இருப்பது இரண்டடி. எதிர்வீட்டில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். அம்மாவின் கோல நோட்டு அலமாரியில் சும்மா கிடக்கிறது. திங்கட்கிழமை மார்கழி பிறக்கிறது. பெட்டியை இழுத்து நான்குக்கு நான்கு மீட்டராக்கி, உயரத்தைப் பத்து சென்டிமீட்டருக்கு நசுக்கினேன். வாசல் ஆயிற்று. நாளுக்கொரு கோலம் தானாக மாறவேண்டும். அதற்கு ஸ்கிரிப்ட் எழுதவேண்டும்.

புதிய ஸ்கிரிப்ட் என்று அழுத்தினால் காலியாக வருவதில்லை. "ஹலோ, அவதார்" என்று வணக்கம் சொல்கிற நான்கைந்து வரி ஏற்கெனவே இருக்கிறது. தொட்டால் "தொட்டாய்" என்கிறது. பக்கத்தில் ராட்டினம் ஒன்று கட்டிக்கொண்டிருந்த பூனைத் தலை ஆசாமி (ஆணா பெண்ணா தெரியாது, எந்த ஊர் என்றும் கேட்கவில்லை) திரும்பிப் பார்த்து, "முதல் நாளா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இனி இவர் பூனையார்.

13.12.2024, வெள்ளி

தீபம். மாலை வரை விளக்குத் துடைப்பு. ராத்திரிதான் உட்கார்ந்தேன்.

படத்தை ஏற்றக் காசு. ஒரு படத்துக்குப் பத்து லிண்டன் டாலர். ஒரு அமெரிக்க டாலருக்குச் சுமார் 250 லிண்டன் என்றால் நம் கணக்கில் சுமார் மூன்றரை ரூபாய். ஆனால் என் பையில் பூஜ்யம். பூனையார் நூறு தந்தார். அதில் இரண்டுக்கு நான் ஒரு தொப்பி வாங்கிவிட்டேன். மீதி 98. கணக்கை எழுதி வைக்கிறேன், பின்னால் உதவும்.

நோட்டின் பக்கங்களை ஸ்கேன் செய்து ஏழு கோலம் தேர்ந்தேன்: தாமரை, நட்சத்திரம், சிக்கு, மயில், ஊஞ்சல், இதய கமலம், கிளி. முதல் படம் நீள்சதுரமாக இருந்தது. அதைச் சதுரத்துக்குள் அமுக்கியதும் தாமரை, யாரோ உட்கார்ந்துவிட்டுப் போன தாமரையாகிவிட்டது. பத்து லிண்டன் வீண். படத்தின் பக்கங்கள் 256, 512, 1024 என்று இரட்டித்துப் போகிற அளவுகளில்தான் நிற்கவேண்டும். வேறு அளவில் கொடுத்தால் அதுவே நீட்டியோ சுருக்கியோ அந்த அளவுக்குள் கொண்டுவந்துவிடும். இரண்டாவது தவறு, மயிலின் ஓரத்தில் நோட்டின் கம்பி தெரிந்தது. இன்னொரு பத்து. இவ்வளவும் ஆன பிறகு பூனையார் சொல்கிறார்: ஏற்றாமலே உன் கணினியில் இருக்கிற படத்தைப் பொருள்மேல் போட்டுப் பார்க்க வழியிருக்கிறது, உனக்கு மட்டும் தெரியும், காசில்லை என்று. இதை முதலிலேயே சொல்ல என்னவாம்!

ஒன்பது படம், 90 லிண்டன். கையில் 8.

படங்களுக்குத் தமிழில் பெயர் வைத்தேன். சேமித்ததும் எழுத்தெல்லாம் மறைந்து வெறுமையாக நின்றன. பேச்சில் தமிழ் அழகாக வருகிறது, ஸ்கிரிப்டுக்குள்ளும் வருகிறது, பொருளின் பெயரில் மட்டும் நிற்கமாட்டேன் என்கிறது. சரி, ஆங்கில எழுத்தில் "தாமரை", "மயில்" என்று தட்டினேன். ஏழையும் வாசலின் உள்ளே போட்டேன். ஆம், தட்டையான அந்தப் பெட்டிக்கும் ஒரு வயிறு உண்டு. ஸ்கிரிப்டும் படமும் அதற்குள்தான் கிடக்கும்.

14.12.2024, சனி

லிஸ்ட் கற்ற நாள்.

நேற்று ராத்திரி நானாக எழுதியிருந்தது இதுதான்: எண் ஒன்றானால் தாமரையைப் போடு, இரண்டானால் நட்சத்திரம், மூன்றானால் சிக்கு. ஏழு தடவை "இஃப்". வேலை செய்தது. பூனையார் எட்டிப் பார்த்துவிட்டு, "முப்பது கோலமானால் முப்பது இஃபா?" என்றார். மார்கழிக்கு எத்தனை நாள் என்று அவருக்குத் தெரியாது. ஏதோ வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

லிஸ்ட் என்பது சதுர அடைப்புக்குள் காற்புள்ளி போட்டு எழுதுகிற வரிசை, அவ்வளவே. ஏழு பெயரையும் அதில் வரிசையாக எழுதி "கோலங்கள்" என்று ஒரு பெயர் கொடுத்துவிட்டால், இந்த வரிசையில் இத்தனையாவது எது என்று கேட்க ஒரு ஆணை, அது சொன்ன பெயரை வாசல்மேல் போட இன்னொரு ஆணை. இந்த மொழியில் எல்லா ஆணைகளும் இரட்டை எல் போட்டுத் தொடங்குகின்றன. கேட்பது எல்எல்லிஸ்ட்2ஸ்ட்ரிங், போடுவது எல்எல்செட்டெக்ஸ்ச்சர். ஏழு இஃபும் போய் இரண்டே வரி மிஞ்சியது. புதிய கோலம் வேண்டுமென்றால் லிஸ்டில் ஒரு பெயர் சேர்த்தால் போதும். கீழே உள்ள வரிகளைத் தொடவே வேண்டாம். நோட்டில் பக்கம் கூடினால் கோலம் போடுகிறவளின் கையை மாற்றவேண்டியதில்லை அல்லவா, அதுபோல.

எல்எல்செட்டெக்ஸ்ச்சருக்கு எந்த முகம் என்றும் சொல்லவேண்டும். பெட்டிக்கு ஆறு முகம்: மேலே 0, சுற்றிலும் 1 முதல் 4, அடியில் 5. மேல்முகம் மட்டும் எனக்குப் போதும். ஆறுக்கும் தனித்தனியாக ஆறு முறை எழுதினால் ஒவ்வொன்றுக்கும் ஸ்கிரிப்ட் 0.2 விநாடி தூங்கிவிட்டுத்தான் எழும் என்றார் பூனையார். எல்லா முகமும் என்பதற்குத் தனியாக ஒரு சொல் இருக்கிறது.

தொட்டேன். நட்சத்திரம் வந்தது. முதலில் வரவேண்டியது தாமரை. திரும்பத் திரும்பத் தொட்டேன்; கிளி வரை ஒழுங்காக வந்து, ஏழாவது தொடுதலில் கிளியே அசையாமல் நின்றது. லிஸ்ட் என்ன தருகிறது என்று பார்க்க, அதன் பதிலை இரண்டு அடைப்புக்குறிக்கு நடுவில் வைத்துச் சொல்லச் சொன்னேன். அடைப்புக்குறி வந்தது, நடுவில் ஒன்றுமில்லை. இல்லாத இடத்தைக் கேட்டால் லிஸ்ட் திட்டுவதில்லை. வெறும் கையை நீட்டுகிறது. இது எனக்குப் பிடிக்கவில்லை. வகுப்பில்கூடத் தெரியாததற்குத் "தெரியாது டீச்சர்" என்று சொல்கிற பிள்ளையைத்தான் நான் மெச்சுவேன்.

காரணம் எண்ணிக்கை. இங்கே முதல் இடத்தின் எண் 0. தாமரை பூஜ்யமாவது கோலம், கிளி ஆறாவது. ஏழாவது என்று ஒன்று கிடையாது. போனில் சொன்னதும் அண்ணன் மகள் சீறினாள். "தப்பு அத்தை! ஒண்ணுலேர்ந்துதான் ஆரம்பிக்கும். எங்க ராப்லாக்ஸ்ல அப்படித்தான்." அதுவும் சரிதான். அவர்கள் மொழி லுவா வழி வந்தது. அங்கே ஒன்றில் தொடக்கம். அடுத்தடுத்த தெருவில் வேறு வேறு படி அளவு வைத்திருக்கிற கடைக்காரர்கள் மாதிரி.

கடைசிக்குப் பிறகு மறுபடி முதலுக்கு வர, ஒன்றைக் கூட்டி ஏழால் வகுத்து மீதியை எடுத்துக்கொள் என்றார் பூனையார். ஏழை ஏழால் வகுத்தால் மீதி பூஜ்யம், தாமரை. சதவீதக் குறிதான் அங்கே மீதிக் குறி. ஏழு என்று எழுதாதே, லிஸ்டின் நீளத்தைக் கேட்டு வாங்கிக்கொள், நாளைக்கு எட்டானாலும் தப்பாது என்றார்.

மீதி, மீதி என்று சொல்லிக்கொண்டே படுத்தேன். தூக்கம் வரவில்லை. எழுந்து நோட்டைப் பிரித்தேன். இதய கமலம்: நடுவிலிருந்து எட்டுக் கை, கைக்கு ஐந்து புள்ளி. முதல் கையில் ஒன்றாம் புள்ளி, அடுத்த கையில் மூன்றாம் புள்ளி, அதற்கடுத்து ஐந்து, பிறகு இரண்டு, பிறகு நாலு, மறுபடி ஒன்று. அம்மா முணுமுணுத்தபடிதான் போடுவாள்: ஒண்ணு, மூணு, அஞ்சு, ரெண்டு, நாலு. ஒவ்வொரு கைக்கும் இரண்டு கூட்டு, ஐந்தைத் தாண்டினால் ஐந்தைக் கழி. மீதிக் கணக்கே. எட்டும் ஐந்தும் பொது வகுத்தி இல்லாதவை என்பதால்தான் நாற்பது புள்ளியையும் ஒரே கோடு தொட்டுவிட்டுக் கிளம்பிய புள்ளிக்கே வந்து சேர்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் அம்மா.

தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் 1974இலேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். ஆசிரியர் பயிற்சியில் யாரும் எங்களுக்கு இதைச் சொன்னதில்லை.

16.12.2024, திங்கள், மார்கழி 1

வாசலைக் காணோம்.

விடிகாலையில் நிஜ வாசலில், இரண்டடிக்குள், ஐந்து புள்ளிக் கோலம் ஒன்று போட்டுவிட்டு ஆசையாக வந்து திறந்தால் வெறும் மணல். நான் கட்டிய இந்தப் பொதுத் திடலில் எதை வைத்தாலும் கெடு முடிந்ததும் தானாக எடுத்து உடையவரிடம் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பலகையில் எழுதியிருக்கிறது. நான் படிக்கவில்லை. "தொலைந்தவை" என்று என் பைக்குள் ஓர் அறை. அங்கே சமர்த்தாக இருந்தது வாசல்.

எடுத்து இறக்கினேன். தாமரையிலிருந்து தொடங்கும் என்று பார்த்தால் சனிக்கிழமை விட்ட மயிலிலேயே நிற்கிறது. பைக்குள் போனாலும் ஸ்கிரிப்டுக்கு நினைவு போவதில்லை. இறக்கும்போது முதலிலிருந்து தொடங்கவேண்டுமானால், இறக்கப்பட்டேன் என்று அதற்குத் தெரிவிக்கிற நிகழ்வில் அதை எழுதவேண்டும். எழுதினேன்.

பூனையார் தன் தோட்டத்தில் ஒரு மூலை தருவதாகச் சொன்னார். அங்கே எத்தனை பொருள் வைக்கலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. என் வாசல் ஒரே ஒரு பெட்டி. ஏழு கோலமும் அதற்குள்ளேயே. ஏழு பெட்டி செய்திருந்தால் கேட்கவே கூசியிருப்பேன்.

17.12.2024, செவ்வாய்

வரிசையாக வருவது சலிப்பாக இருக்கிறதே, கலைத்துப் போட்டால் என்ன என்று தோன்றியது. லிஸ்டைக் கலைக்க ஆணை உண்டு: எல்எல்லிஸ்ட்ரேண்டமைஸ். போட்டேன். கலையவில்லை. பத்து முறை போட்டேன். தாமரை, நட்சத்திரம், சிக்கு. அட்சரம் பிசகவில்லை.

பூனையார் வர ஒரு மணி நேரமானது. இந்த மொழியில் எந்த ஆணையும் நீ கொடுத்த லிஸ்டைத் தொடாது என்றார். கலைத்த லிஸ்டைப் புதிதாக ஒன்று செய்து கையில் கொடுக்கும். வாங்கி வைக்காவிட்டால் அது அப்படியே காற்றில் போகும். அழிப்பதும் மாற்றுவதும் அப்படியே. நான் சீட்டுக்கட்டைக் கலைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது இன்னொரு கட்டை அச்சடித்து, கலைத்து, நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, பத்து முறையும். "கோலங்கள் சமம் கலைத்த கோலங்கள்" என்று எழுதினால்தான் கலைந்த வரிசை என் கைக்கு வரும்.

இந்த முறை ஏமாறக்கூடாது என்று, பழைய லிஸ்டை எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டும் ஒன்றா என்று கேட்டேன். ஒன்றுதான் என்றது. மறுபடி கலைத்தேன். ஒன்றுதான் என்றது. தலையில் அடித்துக்கொண்டு ஏழு பெயரையும் வெளியே சொல்லச் சொன்னேன்: கிளி, சிக்கு, தாமரை. நன்றாகவே கலைந்திருந்தது! இரண்டு லிஸ்டைச் சமமா என்று கேட்டால் அது நீளத்தை மட்டும்தான் பார்க்குமாம். இதிலும் ஏழு, அதிலும் ஏழு, ஆகவே ஒன்று. இதைச் செய்தவர்களை நினைத்தால் கோபம் வருகிறது. இரண்டு வகுப்பிலும் நாற்பது பிள்ளைகள் என்றால் இரண்டும் ஒரே வகுப்பா?

கடைசியில் கலைப்பதே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் கிழமைக்கொரு கோலம். வெள்ளிக்கிழமை இதய கமலம் போடாமல் அம்மா காப்பி குடித்ததில்லை.

18.12.2024, புதன்

கிழமைக் கணக்குக்கு முன், தொட்டால் பெயர்ப் பட்டியல் வந்து, விரும்பியதை யாரும் தேர்ந்து பார்க்கும்படி வைக்க நினைத்தேன். எல்எல்டயலாக். பன்னிரண்டு பொத்தான் வரை வைக்கலாம். பெயர்கள் தமிழில்தான் என்று பிடிவாதம். அதனால் லிஸ்டை ஜோடியாக்கினேன்: தமிழ்ப் பெயர், படத்தின் பெயர், தமிழ்ப் பெயர், படத்தின் பெயர். லிஸ்டுக்குள் லிஸ்ட் வைக்க இந்த மொழி விடுவதில்லை. இப்படி இரட்டை இரட்டையாக அடுக்குவதுதான் வழக்கமாம்.

பட்டியல் வரவில்லை, பிழைச் செய்தி வந்தது. பொத்தானில் 24 பைட்டுக்கு மேல் எழுதக்கூடாது. 24 எழுத்து தாராளமாயிற்றே, நட்சத்திரம் ஏழு எழுத்துதானே என்று முறைத்தேன். இல்லை. கணினிக்கு "தி" ஓர் எழுத்தல்ல. த தனி, கொக்கி தனி. "ட்" என்றால் ட தனி, புள்ளி தனி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். காகிதத்தில் எண்ணினேன்: ந, ட, புள்ளி, ச, த, புள்ளி, த, கொக்கி, ர, ம, புள்ளி. பதினொன்று. 33 பைட். இங்கிலீஷ்காரருக்கு இருபத்து நான்கு எழுத்து, நமக்கு எட்டுக் குறி.

ராத்திரி பத்து மணி வரை பெயர்களைச் செதுக்கினேன். தாமரை 15, சரி. சிக்கு 18, மயில் 15, ஊஞ்சல் 18, கிளி 12. நட்சத்திரத்துக்குப் பதில் விண்மீன்: வ, கொக்கி, ண, புள்ளி, ம, சுழி, ன, புள்ளி. எட்டு. மிகச் சரியாக 24. தமிழாசிரியர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் கை குலுக்கியிருப்பார்.

இதய கமலம்தான் படுத்தியது. இதய மூன்று குறி, கமலம் ஐந்து, மொத்தம் எட்டு, 24 வருகிறது. ஆனால் நடுவில் ஓர் இடைவெளி. அதற்கு ஒரு பைட். 25. ஒற்றைப் பைட்டுக்காக அம்மாவின் கோலத்தை வெளியே நிறுத்துகிறார்கள். பெயரை மாற்ற மனமில்லை. அப்புறம்தான் உறைத்தது: இது தொகைச் சொல், சேர்த்து எழுதுவதுதான் முறை. இதயகமலம். 24.

பட்டியல் வந்தது. நான் முதலில் எழுதிய தாமரை அடி வரிசையில் நிற்கிறது. பொத்தான்களைக் கீழிருந்து மேலாக அடுக்குகிறார்கள். போகட்டும். அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. பொத்தானை அழுத்துவது என்பது அந்தச் சொல்லை ஒரு சேனலில் பேசுவதுதானாம். கேட்கக் காது வேண்டுமே, அதை நான் வைக்கவில்லை. வைத்தேன். பொதுப் பேச்சு பூஜ்யச் சேனலில் நடக்கிறது, அங்கே காது வைத்தால் போகிறவர் வருகிறவர் பேச்செல்லாம் விழும். ஏதோ ஒரு பெரிய எதிர்மறை எண்ணில் வைத்துக்கொண்டேன்.

19.12.2024, வியாழன்

ஆறு கோலம் வேலை செய்கிறது. தாமரை மட்டும் இல்லை.

பெயரை லிஸ்டில் தேடி, அது இருக்கும் இடத்தை வாங்கி, அதற்கு அடுத்த இடத்தில் இருக்கிற படத்தைப் போடவேண்டும். "கிடைத்தால் போடு" என்றுதான் எழுதியிருந்தேன். தாமரை கிடைக்கிறது, முதல் இடத்தில், அதாவது பூஜ்யத்தில். இந்த மொழிக்குப் பூஜ்யம் என்றால் பொய், இல்லை. ஆக, "கிடைத்ததா?" என்று கேட்டால் "பூஜ்யத்தில் இருக்கிறது" என்கிறது, என் "இஃப்" அதை "இல்லை" என்று கேட்டுக்கொள்கிறது. இதைவிட வேடிக்கை, உண்மையிலேயே இல்லாத பெயரைத் தேடினால் பதில் கழித்தல் ஒன்று. பூஜ்யமல்லாத எதுவும் மெய். இருப்பவள் இல்லை, இல்லாதவள் இருக்கிறாள். வாசற்படியில் நிற்கிற தாமரைக்கு இலை போடாமல் வராத விருந்தாளிக்குப் போட்ட கதை.

கழித்தல் ஒன்றுக்குச் சமமல்லவா என்று கேட்டு எழுதியதும் தாமரை விரிந்தது. இது புதிதாக வருகிற எல்லாரும் விழுகிற பள்ளம் என்றார் பூனையார். அவரும் விழுந்தாராம்.

20.12.2024, வெள்ளி, மார்கழி 5

வெள்ளிக்கிழமையும் அதுவுமாக விண்மீன்! விண்மீன் திங்கட்கிழமைக் கோலம்.

நேற்றே கிழமைக் கணக்கை எழுதிவிட்டுப் படுத்திருந்தேன். 1970 ஜனவரி 1 முதல் ஓடுகிற விநாடிக் கணக்கு ஒன்று இருக்கிறது, அதை 86,400ஆல் வகுத்தால் நாள். நாளை ஏழால் வகுத்த மீதி கிழமை. என் லிஸ்ட் ஞாயிறில் தொடங்குகிறது. எல்லாம் சரியாகத்தான் பட்டது.

இன்றைக்கு அந்தக் கணக்கில் 20,077ஆவது நாள். ஏழால் வகுத்தால் மீதி 1. லிஸ்டில் 1 திங்கள். ஸ்கிரிப்ட் சொன்னபடி செய்திருக்கிறது. அப்படியானால் மீதி 0 எந்தக் கிழமை? நேற்று. வியாழன். 1970இல் புத்தாண்டு பிறந்தது வியாழக்கிழமை. அந்த எண்ணுக்கு உலகமே வியாழனில்தான் தொடங்குகிறது. என் லிஸ்ட் ஞாயிறில் தொடங்குவது அதற்கு எப்படித் தெரியும்? லிஸ்டுக்குக் கிழமையும் தெரியாது, கோலமும் தெரியாது; இடம்தான் தெரியும்.

லிஸ்டை வியாழனில் தொடங்கும்படி மாற்றலாம். மனம் ஒப்பவில்லை, ஞாயிறுதான் வாரத் தலை. வகுக்கும் முன் நான்கு கூட்டினேன். வியாழனுக்கு 4, வெள்ளிக்கு 5. இதயகமலம் வந்தது. அதற்குப் பிறகுதான் காப்பி.

அண்ணன் மகள் போனில் கேட்டாள்: "அத்தை, எதிர்வீட்டு ஆன்ட்டி ஒட்டுறதும் ஸ்டிக்கர்தானே? நீங்க ஒட்டுறதும் படம்தானே?" அவளுக்குப் பதில் சொல்லாமல் பேச்சை அரையாண்டுத் தேர்வுக்கு மாற்றிவிட்டேன்.

22.12.2024, ஞாயிறு

வாசல் இப்போது பூனையாரின் தோட்டத்தில், ஒரு மேப்பிள் மரத்தடியில்.

ஒரு குறை. கோலம் மாறும்போது முதலில் சாம்பல் நிறம், பிறகு கலங்கல், அப்புறம்தான் தெளிவு. மாவு கரைந்த மாதிரி இருக்கிறது. ஒவ்வொருவர் கணினியும் புதுப் படத்தை அப்போதுதான் இறக்கிக்கொள்கிறது, அந்த நேரம். பூனையார் ஒரு பழைய தந்திரம் சொன்னார். இன்றைய கோலத்தை மேல்முகத்தில் போடும்போதே, நாளைய கோலத்தை அடிமுகத்தில், 5இல், போட்டு வை. யாருக்கும் தெரியாது, ஆனால் அங்கே நிற்பவர்களின் கணினி அதையும் இறக்கி வைத்துக்கொள்ளும். லிஸ்டில் ஒன்று கூட்டி, ஏழால் மீதி. ஒரே ஒரு வரி. கலங்கல் நன்றாகக் குறைந்தது. தரைக்கு அடியில், மண்ணைப் பார்த்தபடி, திங்கட்கிழமை விண்மீன் காத்திருக்கிறது.

23.12.2024, திங்கள், மார்கழி 8

அந்த விநாடிக் கணக்கு ஓடுவது கிரீன்விச் நேரத்தில். அங்கே நள்ளிரவு என்றால் இங்கே காலை ஐந்தரை. நான் திட்டமிடவில்லை. எந்த நேரத்தில் மாற்றுவது என்று யோசித்துக் கொண்டிருந்தேன்; மீதிக் கணக்கு தானாகவே, தெரு முழுக்க வாசல் தெளிக்கிற நேரத்தில் மாறும்படி அமைந்துவிட்டது. செகண்ட் லைஃபின் கடிகாரம் கலிஃபோர்னியா நேரம். அதில் முந்தைய நாள் மாலை நாலு மணி. நிமிடத்துக்கு ஒருமுறை நாள் மாறிவிட்டதா என்று பார்க்க ஒரு டைமர் வைத்திருக்கிறேன்.

ஐந்தேகாலுக்கு இரண்டடி வாசலைத் துடைத்துவிட்டு, மடிக்கணினியை நிலைப்படிக்கு உள்ளே வைத்துக்கொண்டு, சின்னதாக நானும் விண்மீன் போட உட்கார்ந்தேன். முட்டி வலி. நாலாவது புள்ளி வரிசையில் எதிர்வீட்டுக்காரர் பால் வாங்க வந்து, "என்ன மாமி, கோலத்தை கம்ப்யூட்டர் பார்த்துப் போடறேளா?" என்று கேட்டார். இல்லை என்று விளக்கத் தொடங்கி, விளக்கி முடிக்கையில் மணி ஐந்து முப்பத்தேழு. திரும்பிப் பார்த்தால் திரையில் தாமரை போய் விண்மீன் வந்திருந்தது. மாறியதை நான் பார்க்கவில்லை.

பூனையார் பார்த்திருக்கிறார். கலங்கலே இல்லை என்று எழுதியிருந்தார். கீழே ஒரு கேள்வியும்: கோலத்துக்கு நடுவில் மஞ்சளாக ஒரு பூ வைப்பார்களாமே, மார்கழியில், அது எங்கே? எங்கோ படம் பார்த்திருக்கிறார்.

பூசணிப்பூ. சாண உருண்டையில் செருகி வைப்பது. கோளம் ஒன்றை இறக்கி, சிறியதாக்கி, விண்மீனின் நடுவில் வைத்தேன். கோளத்துக்கு ஒரே முகம், எண் பூஜ்யம், லிஸ்டுகூடத் தேவையில்லை. படத்துக்குப் பத்து லிண்டன் வேண்டும். கையில் எட்டு. தொப்பியைத் திருப்பி வாங்கிக்கொள்ளமாட்டார்களாம். இப்போதைக்குக் கோலத்தின் நடுவில் ஓர் ஒட்டுப்பலகை உருண்டை உட்கார்ந்திருக்கிறது.